எதுல 95?



"பழைய அலுமினியத்தை உருக்கினா 95 சதவீத சக்தி மிச்சம்" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "எதுலடா 95?" என்றார் அம்மா. நாலு வருஷம் இங்கே படித்தவனுக்குப் பதில் வரவில்லை! சதவீதம் மார்க் ஷீட்டோடு சரி போலிருக்கிறது.

கணக்குப் போட்டேன். அலுமினாவை மின்னாற்பகுத்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க சுமார் 14 யூனிட் மின்சாரம். பழசை உருக்க இருபதில் ஒரு பங்கு சக்தி போதும்.

"ஓட்டைக் குண்டானைக் காயலான் கடையில போட்டா, கிலோவுக்கு இருபது ராத்திரி உன் ஃபேன் ஓடுற கரண்ட் மிச்சம்மா."

"அப்போ நம்ம பில் குறையுமா?"

குறையாது, மிச்சமாவது ஆலையில். அதையும் சொல்லித்தானே ஆகணும்!

அம்மா குண்டானை எடை போட்டுப் பார்த்தார். முக்கால் கிலோ. "பதினஞ்சு ராத்திரி" என்றார்.