சோழமண்டலத் திரை



என் பழைய மாணவர் ஒருவர் இலண்டனிலிருந்து கடிதம் எழுதியிருந்தார். அங்கே அருங்காட்சியகம் ஒன்றில், கருமையாய்ப் பளபளக்கும் மடக்குத் திரையொன்றைக் கண்டாராம். 'கோரமண்டல் திரை' என்பது அதன் பெயராம். "ஐயா, கோரமண்டல் நம் சோழமண்டலந்தானே? நம் முன்னோர் இத்துணை அழகிய பொருளைச் செய்தனர் என்பதை ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று உரிமையோடு கேட்டிருந்தார்.

சோழமண்டலம் என்ற சொல்லே கோரமண்டல் எனத் திரிந்தது என்பர் அறிஞர். ஆனால் அத்திரை பிறந்த நாடு சீனம். பலகையின்மேல் நுண்ணிய மண்சாந்து பூசி, அதன்மேல் கரிய மெருகைப் படலம் படலமாக ஏற்றி, இறுகியபின் சித்திரத்தைக் குடைந்தெடுத்து, குடைந்த இடங்களில் வண்ணங்களை நிரப்புவார்கள். பன்னிரண்டு பலகைகள் கொண்ட திரைகள் மிகுதி; முதியோர் பிறந்தநாளுக்குப் பரிசாக வழங்கினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இவை கப்பலேறி, சோழமண்டலக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகளுக்கிருந்த பண்டசாலைகள் வழியாக மேனாடு சென்றன. வந்த வழியின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. செய்தவன் பெயரை யாரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு சொல். பூகோளத்திற் கண்டிப்புள்ளவர்கள் சோழமண்டலக் கரையைக் கோடிக்கரையோடு நிறுத்திவிடுவார்கள். நம் தூத்துக்குடி அதற்குத் தெற்கே, முத்துக்குளித்துறையைச் சேர்ந்தது. எனினும் இக்கதைக்கு நாம் அயலார் அல்லோம். 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான், 1641 முதல் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் தெசிமா என்னும் சிறு தீவில் இருந்து வாணிகம் செய்தது. இங்கே முத்தையும் சங்கையும் எண்ணிய அதே கம்பெனி, அங்கே பொன்னோவியம் தீட்டிய கரும்பெட்டிகளை வாங்கியது.

அப்பெட்டிகளைக் கண்டு ஐரோப்பியச் செல்வர்கள் மயங்கினார்கள். ஆனால் அவர்களுடைய தச்சர்களுக்கு அம்மெருகு கைவரவில்லை. அது ஒரு மரத்தின் பால். நம் சேங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம். சேங்கொட்டைச் சாறு பட்டால் மேனி கொப்புளிப்பது போலவே இப்பாலும் கொப்புளிக்கச் செய்யும். மற்றொரு விந்தை: வண்ணப்பூச்சுகள் வெயிலிற் காயும், இதுவோ ஈரக்காற்றிலேதான் இறுகும். அம்மரம் அந்நாளில் ஐரோப்பாவில் இல்லை. பாலைக் கொண்டுசெல்லலாமென்றால், மாதக்கணக்கான கடற்பயணத்தில் கெட்டுவிடும்.

பின் என் செய்தார்கள்? இந்தியாவிலிருந்து சென்ற அரக்கைச் சாராயத்திற் கரைத்து, விளக்குக்கரி சேர்த்து, பூச்சின்மேற் பூச்சாக ஏற்றித் தேய்த்துப் போலி மெருகு செய்தார்கள்! புரசு, இலந்தை முதலிய மரங்களிற் சிறு பூச்சிகள் சுரக்கும் அதே அரக்குத்தான். பாரதத்தில் பாண்டவருக்கு மாளிகையாகவும், தபால் நிலையத்தில் முத்திரையாகவும் நீங்கள் அறிந்தது. 1688இல் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் என்ற இருவர் ஆக்ஸ்போர்டில் இக்கலைக்கு ஒரு நூலே வெளியிட்டனர். சீனத் திரைகளை அறுத்து அலமாரிகளிற் பொருத்தும் தச்சர்களை அந்நூல் எள்ளி நகையாடுகிறது. மனிதரும் மரங்களும் தலைகீழாய் நிற்க, அதனையும் அழகென்று வாங்கினார்களாம் சீமான்கள். இம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஜப்பானிங்'. வேலை இங்கிலாந்தில், பொருள் இந்திய அரக்கு, பெயர் மட்டும் ஜப்பானுடையது!

வேடிக்கை இன்னும் முடியவில்லை. சீன, ஜப்பானிய மரப்பால் மெருகை ஆங்கிலத்தில் 'லாக்கர்' என்கின்றனர். அரக்குக்கு வடமொழியில் வழங்கும் 'லாக்ஷா' என்னும் சொல்லே அரபியிலும் போர்ச்சுகீசியத்திலும் புகுந்து உருமாறி அப்பெயராயிற்று. ஆகவே நம்முடையதல்லாத திரைக்கு நம் கரையின் பெயர். அதன் மெருகுக்கும் நம் நாட்டுச் சொல். நம் அரக்கு பூசிய அலமாரிக்கோ பிறர் பெயர்.

தூத்துக்குடியார் இதனைக் கேட்டு வியக்க வேண்டியதில்லை. வங்காளத்து மணமகள் பூணும் வெண்சங்கு வளையலை வங்காளத்தின் வளை என்றே பலர் எண்ணுவார்கள். அதனை அறுத்து இழைத்த கை வங்காளத்தார் கைதான். அந்த வளைகளுக்காக நம் கடலிற் குளித்தெடுத்த சங்கு, டச்சுக்காரர் காலத்திலேயே மூட்டை மூட்டையாக அங்கே சென்றிருக்கிறது.