கை பேசும் மொழி
(காத்தோங்கில் நிகழ்த்திய பேச்சு)



வாய் திறவாமல் பேசுவதில் நம்மவர் கெட்டிக்காரர்கள். பெரட்டுக் களத்தில் மண்டோர் புருவத்தை நெரித்தால் போதும், பால்மரக்காரருக்குப் பொருள் விளங்கிவிடும். மழை வருமா என்று ஒருவர் வானத்தைக் காட்டினால், மற்றவர் உதட்டைப் பிதுக்குவார். இவை சைகைகள். பசி என்று சொல்லவும், வா, போ என்று சொல்லவும் சைகை போதும். “சென்ற மாதம் சம்பளத்தில் பிடித்த பணத்தை ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை?” என்று கிராணியாரைச் சைகையால் கேட்க முடியுமா? அதற்கு மொழி வேண்டும்.

காது கேளாதவர்களுக்கு அப்படியொரு மொழி உண்டு. அதைக் கைகளால் பேசுகிறார்கள். காத்தோங்கை ஒட்டிய மவுண்ட்பேட்டன் சாலையில், ஒரு பள்ளிக்கூடத்தில் பல்லாண்டு காலம் அது வழங்கி வந்தது.

அதற்கு வழி திறந்தவர் பெங் சூ யிங் என்பவர். ஷாங்காயில் பிறந்த சீனர். தாமே காது கேளாதவர். கைமொழியில் கற்பிக்கும் பள்ளியை 1954-இல் சிங்கப்பூரில் தொடங்கினார். (இவர் மோட்டார் பந்தய வீரருங்கூட. காது கேளாதவன் கார் ஓட்டலாமா என்று கேட்போர் கவனிக்கவும்!) அதே காலத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தார் நடத்திய வகுப்பு வேறு வழியில் சென்றது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், குரலெடுத்துப் பேசவும் அங்கே பிள்ளைகளைப் பழக்கினார்கள்.

இவ்விரு வழிகளுக்கும் இடையேயுள்ள சச்சரவு உலகப் பழசு. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது, கைமொழியை விலக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கை தூக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் காது நன்றாகக் கேட்பவர்கள்! தொழிலாளியை வெளியே நிறுத்திவிட்டு அவன் கூலியை முடிவு செய்த கதைதான். அதன் பிறகு பல நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளின் கைகள் அடக்கப்பட்டன.

சிங்கப்பூரில் 1963-இல் இரண்டும் இணைந்து, மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர்க் காது கேளாதோர் பள்ளி ஆயிற்று. அதற்கு மூன்றாண்டு முன்னதாகவே, 1960-இல், அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்டோக்கி கைமொழியும் முழுமையான மொழியே என்று ஆராய்ந்து எழுதியிருந்தார். கையின் வடிவம், அது நிற்கும் இடம், அசையும் விதம் இவற்றில் ஒன்று மாறினாலும் சொல் மாறிவிடும். நமக்குப் பல், பால் போல. ஆமா, இல்லையா என்று கேட்கும்போது புருவம் உயரும். அங்கே முகமும் இலக்கணம்.

நிற்க. நம் வீட்டுச் சங்கதிக்கு வருவோம். சிங்கப்பூர்க் கைமொழி ஷாங்காய்க் கைமொழியும் அமெரிக்கக் கைமொழியும் கலந்து வளர்ந்தது. பள்ளியில் அதைக் கற்ற தமிழ்ப் பிள்ளை வீடு திரும்பினால், தாய்க்கு அது தெரியாது. “சாப்பிட்டாயா?” என்பதற்குச் சைகை உண்டு, “பள்ளியில் உன்னை யார் அழ வைத்தார்கள்?” என்பதற்கு அவளிடம் என்ன உண்டு? ஒரே கூரையின் கீழ் பிள்ளை அந்நியனாகிறான். நாமோ அவனை ஊமை என்கிறோம். பேசத் தெரியாதது அவனுக்கா, நமக்கா?

அந்தப் பள்ளி 2017-இல் மூடப்பட்டது. பெங் 2018-இல் காலமானார். 2018 முதல் மேஃபிளவர் தொடக்கப்பள்ளியில் கைமொழிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். காது கேட்பவர்களுக்கும் சிங்கப்பூர்க் காது கேளாதோர் சங்கம் கைமொழி வகுப்பு நடத்துகிறது. இப்படியொரு பிள்ளை உள்ள வீட்டார் யாரேனும் இங்கே இருந்தால், தாய் மட்டுமல்ல, தகப்பனும் அந்த வகுப்பில் போய் உட்கார வேண்டும்.