ரேகை தேய்ந்த கைகள்



"நீ யார்?" என்ற கேள்வி மலையகத்தில் நம்மவரை நோக்கி எழாத காலமே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடல் கடந்து வந்தவர்களுக்குத் தோட்ட இலக்கம் பொறித்த தகர வில்லையே அடையாளம். தோட்டம் மாற வேண்டுமாயின், கடன் தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டும். அம்முறை 1921-இல் ஒழிந்தது. பின்னர் வந்ததோ 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம்! 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நம்மவர் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தொடர்ந்து வசித்தமைக்குச் சான்று கேட்டார்கள். உரிமை பெற்றோர் சுமார் 1,34,000 பேரே! நாடற்றோர் என்ற இழிவு நீங்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம்.

இனிக் காகிதத்தோடு உடலும் சான்றாகப் போகிறது. விரல்ரேகை, கருவிழி, முகம் ஆகியவற்றைப் பதியும் டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு, இந்திய நிதியுதவியுடன், 2022-இல் இரு நாடுகளும் உடன்பட்டன.

இதனை நாம் எதிர்க்கவில்லை. கருவிலே தோன்றும் ரேகை ஆயுள் முழுதும் அமைப்பு மாறுவதில்லை. கோடுகள் முடியும் இடங்களையும் பிரியும் இடங்களையும் இயந்திரம் குறித்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுகிறது. ஆனால், அக்கோடுகளே தேய்ந்திருந்தால்? நாள் முழுதும் கொழுந்து கிள்ளியும், கவ்வாத்துக் கத்தி பிடித்தும் காய்த்துப்போன விரல்களை இயந்திரம் அறியுமா? இந்தியாவிலே, ஆதார் முறையில் ரேகை பொருந்தாமையால், முதியோரும் உழைப்பாளரும் பங்கீட்டு அரிசி பெறாது திரும்பியதை நாம் மறக்கலாகாது. உழைத்ததனால் தேய்ந்த விரல், உழைத்தவனுக்கே எதிர்ச்சாட்சி சொல்வதா?

தென்னாபிரிக்காவின் திரான்சுவாலில், 1907-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆசியரிடம் விரல்ரேகை கேட்டபோது, காந்தியடிகளுடன் தமிழரும் சிறை புகுந்தனர். அவர்கள் எதிர்த்தது மையை அன்று, கட்டாயத்தையும் அவமதிப்பையுமே.

நாம் கேட்பவை மூன்று. ரேகை பொருந்தாதவருக்குக் கருவிழியோ முகமோ போதுமாக வேண்டும். அவையும் தவறின், கிராம உத்தியோகத்தரின் சான்று ஏற்கப்பட வேண்டும். பதிவு, தோட்டத்திலேயே, தமிழிலேயே நடைபெற வேண்டும். அதற்காக எவருக்கும் அன்றைய 'பேர்' வெட்டுப்படக் கூடாது. இயந்திரம் மறுத்தது என்பதற்காக, எந்த உதவியும் எவருக்கும் நிறுத்தப்படக் கூடாது.

ஆசிரியர்களே, வழக்கறிஞர்களே, மருத்துவர்களே! பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டோர் லயந்தோறும் உளர். இயந்திரம் வரும் முன்னரே அப்பிழைகளைத் திருத்திக் கொடுங்கள். அது உங்கள் கடமை.

பெரட்டுக்களத்திலே பெயர் சொல்லி அழைத்து வேலை வாங்கத் தெரிந்த நாட்டுக்கு, உரிமை வழங்கும்போதும் நம்மை அடையாளம் தெரிய வேண்டும்!