அப்டேட்டுக்குப் பிறகு சிக்னல் போனால்

(மாதாந்திர நலக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் பற்றிப் பேசுவதாகத்தான் அறிவித்திருந்தோம். ஆனால் விண்ணப்பம் போட நம் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பலர் பாதியிலேயே எழுந்து போகிறார்கள். ஓடிபி வரவில்லை என்கிறார்கள். ஏன் வரவில்லை? சிக்னல் இல்லை. எப்போதிலிருந்து? “போன வாரம் ராத்திரி போன் தானா அப்டேட் ஆச்சு, அதுலேர்ந்து இப்படித்தான்” என்று பதில் வருகிறது. ஒருவர் இருவர் சொன்னால் விட்டுவிடலாம். அடுத்தடுத்துப் பலர் சொல்வதால் இன்றைக்கு இதையே பேசிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். நம் ஊர்ப் பக்கம் சபுராளி இல்லாத தெரு ஏது? ராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், எங்கே போனாலும் பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறான், உம்மா தனியாக வீட்டில் இருக்கிறார். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேசும் வசதி தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கிருந்து சாதாரண அழைப்பாக வந்தால், அது வந்து சேர நம் வீட்டில் டவர் சிக்னல் இருந்தாக வேண்டும். சிக்னல் இல்லாத வீட்டில் இரவு பன்னிரண்டு மணிக்கு நெஞ்சுவலி வந்தால் 108-ஐ எப்படி அழைப்பது?

இன்னொன்று, நம் மனதைப் பாதித்தது. இத்தா முடிந்து சில மாதங்களே ஆன ஒரு சகோதரி. அப்டேட்டுக்குப் பிறகு போனில் சிக்னல் சரியில்லை என்று ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் கேட்காமல் கொள்ளாமல் போனை முழுவதுமாக அழித்து, புதுப் போன் மாதிரி ஆக்கிக் கொடுத்துவிட்டார். மரித்துப்போன கணவர் வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அத்தனையும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. சிக்னல் அதற்குப் பிறகும் வரவில்லை. ஏனென்றால் பழுது போனில் இல்லை, சிம்மில். இருபது ரூபாய்க்கும் பெறாத ஒரு சோதனையைச் செய்திருந்தால் அது முதலிலேயே தெரிந்திருக்கும். அந்தச் சோதனையைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் அப்டேட் என்ன செய்கிறது என்று பார்ப்போம். போனுக்குள் டவரோடு பேசுவதற்கென்றே தனியாக ஒரு சில்லு இருக்கிறது. மோடம் என்பார்கள். அதற்கும் தனி மென்பொருள் உண்டு. பெரிய அப்டேட் வரும்போது பல சமயம் அந்த மோடத்தின் மென்பொருளும் சேர்ந்து மாறுகிறது. கூடவே நாம் போட்டுவைத்த நெட்வொர்க் அமைப்புகள் சில பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. ஆகவே அப்டேட்டால் சிக்னல் கெடுவது நடக்கக்கூடியதுதான். 2021 டிசம்பரில் கூகுள் தன்னுடைய பிக்ஸல் 6 போனுக்கு விட்ட அப்டேட்டில் அழைப்புகள் போகாமலும் பாதியில் அறுந்தும் தொல்லை வந்தது. கூகுளே அந்த அப்டேட்டை நிறுத்திவைத்து, அடுத்த மாதம் திருத்தம் விட்டது. அதனால் உங்கள் போனிலும் அடுத்த சின்ன அப்டேட் ஏதாவது வந்திருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள்.

ஆனால் மேலே தெரியும் கோடுகளை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை அந்தந்தப் போன் கம்பெனி தன் இஷ்டப்படி வைத்துக்கொள்கிறது. 2010 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம், ஐபோனில் கோடுகளைக் கணக்கிடும் முறையே தவறு, பல இடங்களில் உள்ளதைவிட இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவந்தோம் என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்த மாதமே அதைத் திருத்தி அப்டேட் விட்டார்கள். பலருக்குக் கோடு குறைந்துபோயிற்று. டவரும் அதே டவர், போனும் அதே போன். உண்மையான அளவு வேண்டுமானால் ஆண்ட்ராய்டு போனில் ‘அபவுட் போன்’ பகுதிக்குள் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் டிபிஎம் என்று ஒரு எண் இருக்கும். மைனஸில்தான் இருக்கும். 4ஜியில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பலவீனம். 120-ஐத் தொட்டால் பேச முடியாது. வாசலில் ஒரு தடவை, அடுப்படியில் ஒரு தடவை, மாடியில் ஒரு தடவை பார்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி அந்தச் சோதனை. போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால் உங்கள் சிம்மைக் கழற்றி, வீட்டில் நன்றாக வேலை செய்யும் இன்னொரு 4ஜி போனில் போடுங்கள். அதே இடத்தில், அதே நேரத்தில். அங்கே சிக்னல் நன்றாக இருந்தால் சிம்மும் டவரும் சரி, சந்தேகம் உங்கள் போன் மேல். அங்கேயும் இல்லையென்றால் போன் மேல் பழி போட வேண்டாம். அப்போது அதே கம்பெனி சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள். அவர்களுக்கும் இல்லையென்றால் டவர்க் கோளாறு. அவர்களுக்கு இருந்து உங்களுக்கு மட்டும் இல்லையென்றால் கோளாறு உங்கள் சிம்மில். இவ்வளவுதான். இதைச் செய்யாமல் எவரும் கடைக்குப் போகவேண்டாம்.

போன்தான் காரணம் என்று தெரிந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு அமைப்பு மாறியிருக்கும். நாம் அதிகம் பார்ப்பது வோல்ட்இ என்ற பொத்தான் அணைந்துபோவதை. ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 2016 செப்டம்பரில் தொடங்கும்போதே 4ஜியோடு வந்த கம்பெனி அது. அதில் வோல்ட்இ அணைந்தால் வாட்ஸ்அப் ஓடும், யூடியூப் ஓடும், சாதாரண அழைப்பு மட்டும் வராது, போகாது. நெட் இருக்கிறதே, கால் ஏன் வரவில்லை என்று குழம்புகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். சில போன்களில் இந்தப் பொத்தானே வெளியே தெரியாது. அதில் கவலையில்லை, அது எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது 5ஜி. அப்டேட் ஆனதும் போன் 5ஜியைத் தேடிக்கொண்டே இருக்கும். அதிகம் புழங்கும் 5ஜி அலைவரிசை 3500 மெகாஹெர்ட்ஸ். அது வேகம் தரும், ஆனால் சுவரைத் துளைத்து உள்ளே வரும் சக்தி 700, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகளைவிடக் குறைவு. 5ஜி எல்லையோரத்தில் இருக்கும் வீட்டில் போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் தாவித்தாவி, பேச்சும் அறுபடும், பேட்டரியும் தீரும். நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். பெரியவர்களின் போனில் 5ஜி இருந்து என்ன ஆகப்போகிறது? நெட்வொர்க் தேர்வு ‘ஆட்டோமேட்டிக்’ என்று இருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இதற்கும் சரியாகவில்லையென்றால் ‘நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறது. அது வைஃபை கடவுச்சொற்களையும் புளூடூத் இணைப்புகளையும் மறக்கும். படம், குரல் பதிவு, வாட்ஸ்அப் எதையும் தொடாது. அதன் பக்கத்திலேயே ‘ஃபேக்டரி ரீசெட்’ இருக்கும். அதுதான் எல்லாவற்றையும் துடைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இ-சிம் வைத்திருப்பவர்கள், ‘இ-சிம்மையும் அழிக்கவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

போனில் உண்மையிலேயே பெரிய கோளாறா என்று அறிய *#06# அழுத்துங்கள். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் வரவேண்டும். வெறுமையாகவோ பூஜ்யமாகவோ வந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போகவேண்டும். பழைய சாஃப்ட்வேரை ஏற்றித் தருகிறேன், ஐஎம்இஐ எழுதித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஐஎம்இஐயை மாற்றுவது சட்டப்படி குற்றம். அந்தக் கைகளில் போனைக் கொடுக்காதீர்கள்.

டவரே காரணமாக இருப்பதும் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 2018 பிப்ரவரியில் ஏர்செல் ஓய்ந்தபோது எத்தனை பேர் போனைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1999-ல் தமிழ்நாட்டிலேயே தொடங்கிய கம்பெனி, நம் வீடுகளில் பாதி அந்த எண்தான். போன் கெட்டுவிட்டது என்று எண்ணி புதுப் போன் வாங்கியவர்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 16-ல் கஜா புயல். கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் இல்லாததால் டவர்கள் ஊமையாகின. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அடித்து அடித்து ஓய்ந்துபோனார்கள். இப்போதும் நீண்ட நேரம் மின்சாரம் நின்றால் சில டவர்கள் படுத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் அப்டேட் ஆகியிருந்தால் பழி அப்டேட்டின் மேல் விழும். பிஎஸ்என்எல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2025 செப்டம்பர் 27-ல் அதன் உள்நாட்டு 4ஜி முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. பழைய சிம்மை 4ஜி சிம்மாக மாற்றாமல் வைத்திருந்தால் அந்தப் பலன் உங்களுக்குக் கிடைக்காது.

வீட்டையும் கொஞ்சம் பாருங்கள். நம் மண் தட்டையான வயல்வெளி, அலையை மறிக்க மலை இல்லை. மறிப்பது நாம் கட்டும் வீடுதான். கான்கிரீட் இரண்டு மாடி, மேலே தகர ஷீட் போட்ட கொட்டகை, சன்னலுக்குக் கருப்புப் பூச்சுக் கண்ணாடி. தகரம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் ‘வைஃபை காலிங்’ என்ற அமைப்பைப் போட்டுவிடுங்கள். வைஃபை வழியாகவே சாதாரண அழைப்பு வரும். ஏர்டெல், ஜியோ இரண்டிலும் அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் ஆன்லைனில் விற்கும் சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியில்லாமல் அதை வைப்பது சட்டவிரோதம். உங்கள் ஒரு வீட்டுக்காகத் தெரு முழுவதற்கும் சிக்னல் கெடும், ஹக்குல் இபாதில் வந்து நிற்கும் விஷயம் அது.

இப்போது எல்லாரும் கவனமாகக் கேட்கவேண்டிய பகுதி. இரண்டு போனிலும் சிம் வேலை செய்யவில்லை, பக்கத்து வீட்டில் அதே கம்பெனி நன்றாக இருக்கிறது. அப்படியானால் சிம் தேய்ந்திருக்கலாம். அல்லது உங்கள் பெயரில் வேறு யாரோ மாற்றுச் சிம் வாங்கியிருக்கலாம். மாற்றுச் சிம் உயிர்பெற்றதும் உங்கள் கையிலிருப்பது செத்துவிடும், உங்கள் வங்கி ஓடிபி அவன் கைக்குப் போகும். ‘அப்டேட் ஆனதால்தான்’ என்று நாம் இரண்டு நாள் சும்மா இருந்தால் கணக்கில் ஒன்றும் மிஞ்சாது. உடனே இன்னொரு போனிலிருந்து கம்பெனிக்குப் பேசி, மாற்றுச் சிம் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். ஆமென்றால் வங்கியில் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், 1930-க்குப் புகார் கொடுங்கள். போன் அப்டேட் எப்போதும் போனின் செட்டிங்ஸிலிருந்துதான் வரும். எஸ்எம்எஸ்ஸிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ‘நெட்வொர்க் அப்டேட்’ லிங்க் எதையும் தொடாதீர்கள்.

சிம்மைத் தேவையில்லாமல் மாற்றவும் வேண்டாம். மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்திவைக்கப்படும், ஓடிபியும் வராது. 2024 ஜூலை 1 முதல், சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு கம்பெனிக்கு எண்ணை மாற்றவும் முடியாது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளில் சிம் மாற்றிவிட்டு வந்து நின்றால் எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. உம்ராவுக்குப் புறப்படும் முந்திய இரவு அப்டேட் போடுவதும் அப்படித்தான். பாதுகாப்புக்காக அப்டேட் அவசியம், போடத்தான் வேண்டும். பயணமும் கடைசித் தேதியும் இல்லாத ஒரு நாளில் போடுங்கள்.

டவர்க் கோளாறு என்றால் 198-க்குப் புகார் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தீர்வு திருப்தியில்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குக் கட்டணமின்றி முறையிடலாம். தெருவில் பத்துப் பேர் தனித்தனியாகப் புகார் எண் வைத்திருந்தால் ஜமாஅத் சார்பில் கடிதம் எழுத எங்களுக்கு வசதி. வேறு கம்பெனிக்கு மாறுகிறவர்கள், டிராய் உத்தரவுப்படி கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கும் சிக்னல் வரைபடத்தில் நம் ஊரைப் பார்த்துவிட்டு மாறுங்கள். தனியாக இருக்கும் பெரியவர்களின் போனில் ‘எமர்ஜென்சி கால்ஸ் ஒன்லி’ என்று தெரிந்தால் 112 அழுத்தச் சொல்லிக்கொடுங்கள். தன் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும் மற்றக் கம்பெனி டவர் வழியாக அந்த அழைப்பு போக வழி உண்டு.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் உட்காருவார்கள். பெண்களுக்கு மாடியில் தனியாக மாணவிகள் இருப்பார்கள். போனோடு சார்ஜரும், சிம் எடுக்கும் ஊசியும், வாசலிலும் அடுப்படியிலும் மாடியிலும் பார்த்து எழுதிய டிபிஎம் எண்களும் கொண்டுவாருங்கள். போனின் பின் நம்பரை நீங்களே அழுத்துங்கள், பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம். உதவித்தொகை விண்ணப்பத்தை அன்றைக்கே அங்கேயே போட்டுவிடலாம், இன்ஷா அல்லாஹ்.