தீமூர் குல வரலாறு: ஒரே பிரதியாய் வாழும் நூல்



இந்தியாவின் பாட்னா நகரிலே, கங்கைக் கரையை அடுத்து, குதாபக்‌ஷ் நூல்நிலையம் என்னும் புகழ்பெற்ற ஏட்டுக் களஞ்சியம் இருக்கின்றது. தந்தையார் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளைப் பன்மடங்காகப் பெருக்கி, 1891ஆம் ஆண்டிலே பொதுமக்களுக்கெனத் திறந்துவைத்தவர் வழக்கறிஞர் குதாபக்‌ஷ் கான். அக்களஞ்சியத்தின் முடிமணி எதுவென வினவினால், 'தாரீகே கான்தானே தீமூரியா' என்ற பாரசீக நூலையே அறிஞர் சுட்டுவர். தீமூர் குல வரலாறு என்பது அப்பெயரின் பொருள். 130க்கு மேற்பட்ட வண்ண ஓவியங்களைக் கொண்ட இந்நூலுக்கு உலகில் வேறொரு பிரதி இல்லை.

தீமூர் 1405இல் இறந்தவர். அவர் வழிவந்த பாபர் 1526இல் டில்லியைக் கைப்பற்றினார். பாபரின் மகன் ஹுமாயூன் 1540இல் அரசை இழந்து, 1555இலேதான் மீட்டார். மறு ஆண்டில் அக்பர் முடிசூடியபோது அவருக்கு வயது பதின்மூன்று. ஆகவே, அவர் பெற்ற அரியணை ஒருமுறை பறிபோய் மீண்ட அரியணை. அத்தகைய அரசருக்குத் தம் குலத்தின் தொன்மையை நாட்ட ஒரு வரலாறு வேண்டியிருந்தது. தீமூரிலே தொடங்கி, அக்பர் ஆட்சியின் இருபத்திரண்டாம் ஆண்டு வரையில் இந்நூல் நடப்பதன் காரணம் இதுவே. ஆதலால், இதனை நடந்தவற்றின் பதிவாக மட்டுமன்றி, ஓர் அரச குலம் தன் உரிமையை எடுத்துரைக்கும் வழக்குரையாகவும் கருதிப் படித்தல் வேண்டும்.

அக்பருக்கோ எழுத்து வாசிக்க வராது. நாள்தோறும் பிறர் வாசிக்கச் செவிமடுத்தே அவர் நூல்களைக் கற்றார். வாசிப்பு நின்ற இடத்தில் தம் கையாலேயே குறியிட்டு, வாசித்த ஏடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாசகருக்குப் பொருள் வழங்கினார் என்று அபுல் பசல் எழுதியுள்ளார். கேள்வியால் கற்ற அவ்வரசர், வானொலி கேட்கும் நமக்கு ஒருவகையில் உறவினரே! செவி கேட்ட கதையைக் கண்ணும் காண்பதற்கு ஓவியங்கள் உதவின.

அவ்வோவியங்களின் கீழே ஓவியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. உருவரை வகுத்தவர் ஒருவர், வண்ணந்தீட்டியவர் மற்றொருவர் என வேறுபடுத்தியும் எழுதினர். அப்பெயர்களுள் ஒன்று தஸ்வந்த். இவர் பல்லக்குச் சுமப்பவரின் மகன். சுவர்களிலே படம் வரைந்து திரிந்த அந்த ஏழைச் சிறுவனின் ஆற்றலைக் கண்ட அக்பர், அவனை அரண்மனை ஓவிய ஆசிரியரிடம் ஒப்படைத்தார். புகழின் உச்சியை எட்டிய தஸ்வந்த், பின்னர் சித்தம் கலங்கி, 1584இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அரசர் பெயர் நிலைக்கவென எழுந்த நூல், அவர் பெயரையும் காத்து நிற்கின்றது.

இன்னுமொரு கையெழுத்தும் இந்நூலில் உண்டு. அக்பரின் பேரர் ஷாஜஹான், இந்நூல் 'ஷா பாபா' காலத்தில் ஆக்கப்பட்டதெனத் தம் கைப்பட எழுதிவைத்துள்ளார். ஷா பாபா என்றது தம் பாட்டனாரையே. அக்பர் 1605இல் மறைந்தபோது ஷாஜஹானுக்கும் வயது பதின்மூன்றுதான். பேரரசர் பலர் கூடிய வரலாற்றிலே, பாட்டனை நினைந்த பேரனின் அன்பும் அவ்வொரு சொல்லிலே ஒலிக்கின்றது.

2011ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக நினைவுப் பதிவேட்டிலே சேர்த்தது. ஆயினும் பட்டியல் மட்டும் ஏட்டைக் காவாது. அச்சேறிய நூலொன்று அழிந்தால் வேறொன்றைத் தேடலாம். ஒரே பிரதியாய் உள்ள நூலை ஈரமோ, பூச்சியோ, கவனக்குறைவோ அழித்தால், அதனோடு பாட்டனை அழைத்த பேரனின் கையெழுத்தும், பல்லக்குச் சுமந்தவர் மகனின் பெயரும் போய்விடும். ஏடு காப்போரின் ஓசையற்ற பணி எத்துணைப் பெரியது என்பதை இந்நூல் நமக்கு உணர்த்துகின்றது.