கண்ணாடிப் பலகையில் வந்த வசந்தம்



வண்ணக் கிண்ணம் இல்லை, தூரிகை இல்லை, தாளும் இல்லை. கையில் அடங்கும் ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் ஒருவர் விரலை ஓட்டுகின்றார். சிறிது நேரத்தில் அங்கே மரம் எழுகின்றது, வானம் விரிகின்றது. இதனை ஓவியம் என்று கொள்வதா, இயந்திரத்தின் வித்தை என்று தள்ளுவதா? இந்த ஐயம் நம்மில் பலருக்கு உண்டு. வாதம் செய்து இதனைத் தீர்ப்பதைவிட, அக்கருவியைக் கையாண்ட ஒரு பெரிய ஓவியரின் வேலையைப் பார்த்துத் தீர்த்துக்கொள்வது நேரிய வழி என்று கருதுகின்றோம். அவ்வோவியர் டேவிட் ஹாக்னி. அவரைத் தேர்ந்துகொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவரும் நம்மைப் போலவே பிறந்த மண்ணை விட்டு அயல் மண்ணில் நெடுங்காலம் வாழ்ந்தவர்.

வட இங்கிலாந்தில் யார்க்ஷயர் என்பது ஒரு பெரிய நிலப்பகுதி. அங்கே பிராட்ஃபோர்டு என்னும் ஆலை நகரத்தில் 1937ஆம் ஆண்டு ஹாக்னி பிறந்தார். பள்ளிப் பருவத்தில், விடுமுறை நாட்களில், யார்க்ஷயரின் கிழக்குப் பகுதியில் கதிர்க்கட்டுகளை அடுக்கும் வயல் வேலைக்குப் போனதுண்டு. 1964இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடைந்தார். அங்குள்ள நீச்சற்குளங்களைத் தீட்டியே உலகப் புகழ் பெற்றார். ஆயினும் அந்நகரில் பருவங்களின் மாறுதல் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியும் ஒரே வெயில்தான்.

1997ஆம் ஆண்டில் யார்க்ஷயரில் இருந்த அவருடைய நண்பர் ஜானதன் சில்வர் புற்றுநோயால் நலிவுற்றிருந்தார். நம் ஊரை நீ தீட்ட வேண்டும் என்பது அந்நண்பரின் விருப்பம். பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரிலிருந்து அவரைக் காண ஹாக்னி அடிக்கடி காரில் சென்று வந்தார். வழி நெடுகக் குன்றுகளும் வயல்களும் வேலிகளும் இருந்தன. சிறுவயதில் வெயிலில் நின்று பாடுபட்ட அதே நிலப்பகுதி. அன்று வேலையைப் பார்த்த கண், இன்று நிலத்தைப் பார்த்தது. நண்பர் அவ்வாண்டே மறைந்தார். அவர் கேட்டது மட்டும் நிலைத்தது. அடுத்த பத்தாண்டுக்குள் ஹாக்னி பிரிட்லிங்டனிலேயே தங்கி, சுற்றுப்புறத்தை இடைவிடாது தீட்டலானார்.

கருவி அதன் பின்னரே வருகின்றது. 2009ஆம் ஆண்டளவில் ஹாக்னி தம் ஐபோனில் கட்டைவிரலால் வரையத் தொடங்கினார். காலையில் சாளரத்தருகே ஒரு பூங்கொத்து இருக்கும். அதனை வரைந்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவார். 2010இல் ஐபேடு வெளிவந்ததும் அதற்கு மாறினார். இளைஞர்களே விரும்பும் இக்கருவியை எழுபது வயதைக் கடந்தவர் நாடியது ஏன்? காரணம் எளியது. விடியற்காலையின் நிறம் சில நிமிடங்களில் மாறிவிடும். தாளில் வரைவதானால் விளக்கை ஏற்ற வேண்டும். விளக்கை ஏற்றினால் சாளரத்துக்கு அப்பால் உள்ள மெல்லிய வெளிச்சம் கண்ணுக்குப் படாது. இக்கருவிக்கோ தன் ஒளியே போதும். ஆகவே இருளில் படுக்கையில் இருந்தபடியே வைகறையை வரைய முடிந்தது. நீர்வண்ணத்தில் ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே மறுபூச்சு. இங்கே காத்திருக்க வேண்டியதில்லை. கரிய நிறத்தின்மேல் வெளிர் நிறத்தையும் உடனே இடலாம்.

குறைகளும் உண்டு. தாள், பென்சிலைச் சற்றே தடுத்துப் பிடிக்கும். அத்தடையே கோட்டுக்கு உறுதி தரும். கண்ணாடி வழுக்கும். தவறான கோட்டை ஒரு தொடுகையில் நீக்கிவிடலாம் என்பதால் கை அலட்சியமாகவும் கூடும். ஆனால் அவர் கையாண்ட செயலியில் ஒரு புதுமை இருந்தது. முதற்கோடு தொடங்கிக் கடைசிக்கோடு வரை சித்திரம் வளர்ந்த விதத்தை அது மீண்டும் ஓட்டிக் காட்டும். தாம் வரைவதைத் தாமே பார்க்கும் வாய்ப்பு அந்த முதிய ஓவியருக்கு அவ்வாறு கிடைத்தது.

இனி அவர் வேலை செய்த முறையைக் காண்போம். பிரிட்லிங்டனுக்கு அருகே வோல்ட்கேட் என்று ஒரு பழைய சாலை உண்டு. சிறப்பான காட்சி எதுவும் அங்கே இல்லை. இருபுறமும் மரங்கள், வேலிகள், அவ்வளவே. 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் கோடைத் தொடக்கம் வரை ஹாக்னி அச்சாலைக்கே திரும்பத் திரும்பச் சென்றார். மொட்டைக் கிளைகளையும், பனியையும், முதல் தளிரையும், ஹாத்தார்ன் என்னும் முள்மரத்தின் வெண்பூவையும் அங்கேயே நின்று வரைந்தார். சித்திரங்களுக்குப் பெயராக அந்தந்த நாளின் தேதியையே இட்டார். அவற்றுள் 51 சித்திரங்கள் பெரிதாக அச்சிடப்பெற்று, 32 துணிகளை இணைத்துத் தீட்டிய ஒரு பேரோவியத்துடன் சேர்ந்து, 2012இல் லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வந்தன. அதே முள்மரப் பூவை அவர் ஐபேடில் வரைந்து வகுக்க, அது வண்ணக் கண்ணாடிச் சாளரமாகி, 2018இல் வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆலயத்தில் திறக்கப்பெற்றது.

தூண்டுதல் மரங்களிலிருந்து மட்டும் வரவில்லை. குழந்தை ஒன்றுக்கு நடை பழக்கும் காட்சியை ரெம்பிராண்ட் சில கோடுகளிலே காட்டிய சித்திரம் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றது. அதற்கு ஈடான சித்திரம் அரிது என்பது ஹாக்னியின் கருத்து. நீளமாக விரித்துக்கொண்டே பார்க்கும் சீனத்துச் சுருள் ஓவியங்களிலும் அவர் ஆழ்ந்து ஈடுபட்டவர். 2019இல் பிரான்சின் நார்மண்டிக்குக் குடியேறினார். அப்பகுதியைச் சேர்ந்த பாயோ நகரில் சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பழைய பூத்தையல் சித்திரத்துணி புகழ்பெற்றது. 2020இல் தொற்றுநோயால் உலகம் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலத்தில், தம் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களையே நாள்தோறும் ஐபேடில் வரைந்தார். அச்சித்திரங்களை இணைத்து, ஓராண்டின் பருவங்கள் முழுவதையும் காட்டும் ஏறத்தாழ 90 மீட்டர் நீளப் படவரிசையாக ஆக்கினார். பாயோத் துணியும் சீனச் சுருளும் ஐபேடின் வழியே மறுபிறவி எடுத்தன எனலாம்.

இப்பொழுது நம் நிலையைச் சற்று எண்ணுவோம். ஹாக்னி முதலில் வரைந்த கருவி போன்றது இன்று நம்மில் பெரும்பாலோர் சட்டைப் பையிலும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை ரயிலேறி ஊருக்குப் போகின்றோம். கோவிலையும் குளத்தையும் வீட்டையும் நூறு படங்களாக எடுத்துக்கொண்டு திரும்புகின்றோம். ஆனால் நம் வீட்டு வாசலில் நின்ற வேம்பு எந்த உயரத்தில் கிளை பிரிகின்றது என்று குழந்தை கேட்டால் விடை சொல்லத் தடுமாறுகின்றோம். படம் இருக்கின்றது, பார்த்தது இல்லை. இஃது ஓர் இழப்பே. பிரிந்திருப்பதால் ஊர் நமக்கு மங்க வேண்டியதில்லை. பிரிந்திருந்தவர் என்பதாலேயே ஹாக்னிக்குத் தம் ஊரின் வசந்தம் புதிதாகத் தெரிந்தது.

ஊருக்குப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. டில்லியில் இருப்பவர்க்கு, குளிர் நீங்கும் காலத்தில், இலையற்ற இலவமரம் செம்பூக்களைத் தாங்கி நிற்பது தெரியும். பம்பாயில் இருப்பவர்க்கு முதல் மழைக்கு முந்திய வானம் தெரியும். நமக்குச் சோறிடும் ஊர்களின் பருவங்கள் இவை. ஒரே மரத்தை ஒரு மாதம் நாள்தோறும் பார்த்து, பேனாவாலோ விரலாலோ, கோணலாகவேனும் வரைந்து, கீழே தேதியை இட்டு வைப்போம். அடுத்த முறை ஊர் செல்லும்போது, வாசல் வேம்பின்முன் அரை மணி நேரம் அமர்ந்து அவ்வாறே செய்வோம். குழந்தைகளையும் உடன் அமர்த்திக்கொள்வோம்.

கண்ணாடிப் பலகையில் வரைவது ஓவியமா என்ற கேள்விக்கு அந்த அரை மணி நேரத்தில் நம் கையே விடை சொல்லும்.