கைக்குள் ஒரு சாவி



ஆலை வாயிலில் தொழிலாளி தன் அட்டையைக் கடிகாரத்தில் செருகி, மணி பதித்துக்கொண்டு உள்ளே போவது நெடுநாளைய வழக்கம். அலுவலகங்களில் வருகைப் பதிவேடு உண்டு. வேலைக்கு வந்தவர் யார், எப்பொழுது வந்தார் என்று அறிந்துகொள்ளும் உரிமை சம்பளம் கொடுப்பவருக்கு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவேட்டின் ஒரு நுனி ஊழியரின் தோலுக்குள்ளேயே நுழைந்துவிட்டால்? இது கற்பனைக் கேள்வி அன்று. நடந்த நிகழ்ச்சி ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில், ரிவர் ஃபால்ஸ் என்று ஒரு சிறு நகரம். அங்கே த்ரீ ஸ்கொயர் மார்க்கெட் என்ற கம்பெனி, அலுவலகச் சிற்றுண்டி அறைகளில் ஆளில்லாமலே பண்டம் விற்கும் சாதனங்களைச் செய்து கொடுத்துவந்தது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் தேதி அக்கம்பெனியில் ஒரு விருந்து. சுமார் 80 ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதையில், ஊசியின் வழியே ஒரு மைக்ரோசிப்பை ஏற்றிக்கொண்டார்கள். அரிசி மணியளவே உள்ள சில்லு. விலை 300 டாலர், செலவு கம்பெனியுடையது. அதன் பிறகு கையை நீட்டினால் கதவு திறக்கும், கணிப்பொறி வழிவிடும், சிற்றுண்டியின் விலையும் கணக்கில் ஏறிவிடும்.

இந்தச் சில்லைப் பற்றிப் பலர் மிகையாகப் பேசுவதுண்டு. ஊழியர் எந்தத் தெருவில் நடக்கிறார் என்பதை வானத்திலிருந்து அது காட்டிக்கொடுக்கும் என்பார்கள். அது தவறு. அதற்குள் மின்கலம் கிடையாது. படிக்கும் கருவி ஒன்றைச் சில அங்குல தூரத்திற்குள் கொண்டுவந்தால், அக்கருவியின் ரேடியோ அலையிலிருந்தே சக்தியைப் பெற்றுத் தன் எண்ணைச் சொல்லும். பிறகு மௌனமாகிவிடும். சில்லு ஊமை, பேசுவது சுவரிலுள்ள கருவிதான். எந்த எண் எந்தக் கதவில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை முறை சிற்றுண்டி அறைக்குப் போனது என்பதெல்லாம் அக்கருவிக்குப் பின்னால் உள்ள பதிவில் சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பதிவை யார் படிக்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதே பெரிய கேள்வி. அதற்குச் சில்லு போட்டுக்கொண்டவரின் கை விடை சொல்லாது.

அட்டையிலும் இதே பதிவு உண்டாகிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரிவர் ஃபால்ஸிலேயே ஊசிக்கு உடன்படாதவர்களுக்கு, அதே வேலையைச் செய்யும் மோதிரமோ மணிக்கட்டுப் பட்டையோ தரப்பட்டது. அப்படியானால், மோதிரத்தால் ஆகக்கூடிய காரியத்திற்குச் சதை எதற்கு? மறந்துவிட்டு வராமல் இருக்கலாம் என்ற சௌகரியம் ஒன்றுதான் எனக்குத் தென்படுகிறது. மோதிரத்தை மாலையில் கழற்றலாம். ராஜிநாமா செய்யும் நாளில் மேசைமீது வைத்துவிட்டு வரலாம். சில்லை எடுக்கவோ தோலைக் கீறவேண்டும்.

சௌகரியத்திற்கு வேறொரு விலையும் உண்டு. 2006ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரில், கண்காணிப்புக் காமிராப் படங்களைச் சேமித்துவைத்த ஒரு கம்பெனி, அந்த அறைக்குள் செல்லும் இரண்டு ஊழியருக்கு வெரிசிப் என்ற சில்லைப் பொருத்தியது. அட்டையைவிடக் கைச்சில்லு பத்திரமானது என்பது எண்ணம். அதே ஆண்டில் ஜோனதன் வெஸ்ட்ஹூஸ் என்ற பொறியியலாளர், வெரிசிப்பின் எண்ணைக் கருவியால் படித்து அதற்குப் பிரதி செய்து காட்டிவிட்டார். கேட்டவருக்கெல்லாம் பெயர் சொல்லும் காவற்காரன் அது! அட்டைக்குப் பிரதி எடுக்கப்பட்டால் அட்டையைக் கிழித்தெறியலாம். கையை என்ன செய்வது?

இனிச் சட்டத்திற்கு வருவோம். விஸ்கான்சின் சட்டமன்றம் உறங்கிக்கொண்டிருக்கவில்லை. ஒருவரைச் சில்லு பொருத்திக்கொள்ளும்படி கட்டாயப்படுத்தலாகாது என்று அம்மாநிலம் 2006இலேயே சட்டம் செய்துவிட்டது. மீறினால் 10,000 டாலர் வரை தண்டம். மீறல் தொடரும் ஒவ்வொரு நாளும் தனிக் குற்றம். சட்டம் பிறந்து பதினோராண்டு கழித்து, அதே மாநிலத்தில்தான் அந்த விருந்து நடந்தது. சட்டம் மீறப்படவில்லை. ஏனென்றால் அங்கே கட்டாயம் இல்லை. எல்லோரும் விரும்பியே கையை நீட்டினார்கள்.

விரும்பி என்ற இந்தச் சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. கடைக்காரரிடம் ‘வேண்டாம்’ என்பது எளிது. வேறு கடைக்குப் போகலாம். சம்பளம் தருபவரிடம் சொல்லும் ‘வேண்டாம்’ அப்படிப்பட்டதா? மேலாளர் முதலில் போட்டுக்கொள்கிறார். பக்கத்து மேசைக்காரர் போட்டுக்கொள்கிறார். கைதட்டல் எழுகிறது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் நினைவுக்கு வருகிறது. ஒருவரும் மிரட்டவில்லை. ஆயினும் கை நீள்கிறது. ரிவர் ஃபால்ஸ் ஊழியர்கள் இப்படித்தான் இணங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் உண்மையான ஆவலோடு வந்திருக்கலாம். ஆனால் ஆவலையும் தயக்கத்தையும் வெளியே நின்று பிரித்தறிவது எவருக்கும் இயலாது. கம்பெனிக்கும் இயலாது.

இந்த இடத்தில் கலிஃபோர்னியா மாநிலத்தாரின் மதியை மெச்சத்தான் வேண்டும். அவர்களுடைய சட்டம் 2008 முதல் நடப்புக்கு வந்தது. கட்டாயம் என்பதற்கு அடி, மிரட்டல் என்று மட்டும் அது பொருள் கொள்ளவில்லை. சில்லுக்கு இசைந்தால்தான் வேலை, இசைந்தால்தான் பதவி உயர்வு என்று நிபந்தனை வைப்பதும் கட்டாயமே என்றது. அதற்கும் ஒருபடி மேலே போய், சாதாரண மனவுறுதியுள்ள ஒருவர் மற்றபடி இசைந்திருக்கமாட்டார் என்றால், அவரை இசையவைத்த வழி எதுவாயினும் அதுவும் கட்டாயமே என்று எழுதிவைத்தது. வீரரை அளவுகோலாகக் கொள்ளவில்லை, பாருங்கள். மாதச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை கட்டும் சாதாரண மனிதரை அளவுகோலாகக் கொண்டிருக்கிறது. விருந்தும் கைதட்டலும் அந்த வரிக்குள் அடங்குமா என்பதை, வழக்கு வந்தால், நீதிபதிகள்தாம் சொல்லவேண்டும்.